ஆணா, பெண்ணா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எனக்கு இரண்டும் பெண் குழந்தைகள். என் உடல்வாகுதான் காரணம் என்கிறார் மாமியார். சாப்பாட்டை மாற்றினால் அடுத்தது ஆணாகப் பிறக்குமா?

பதில்: உங்கள் கருமுட்டை ஒவ்வொன்றிலும் எக்ஸ் குரோமோசோம்தான் இருக்கும். குழந்தைக்கு எக்ஸ்எக்ஸ் அமைந்தால் பெண், எக்ஸ்ஒய் அமைந்தால் ஆண். அந்த ஒய் உங்கள் கணவரின் விந்தணுவில்தான் வந்தாக வேண்டும். அவரிடமும் எக்ஸ் விந்தணு, ஒய் விந்தணு இரண்டும் ஏறக்குறைய சரிபாதி. எது முந்தும் என்பது அவர் கையிலும் இல்லை. பத்தியம், லேகியம், நாள் பார்ப்பது எதையும் நம்பிக் காசை விடாதீர்கள். மாமியாரிடம் இதை நீங்கள் சொல்ல வேண்டாம், கணவர் சொல்லட்டும். சொல்ல வேண்டியவர் அவர்தான்.

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன். எக்ஸ்எக்ஸ் குரோமோசோம் உள்ள ஆண் இருக்க முடியுமா?

பதில்: இருக்கிறார்கள். சுமார் 20,000 ஆண்களில் ஒருவர். ஆறு வாரக் கருவில் இருக்கும் சுரப்பி விரையாகவும் மாறலாம், சூலகமாகவும் மாறலாம். ஏழாவது வாரவாக்கில் ஒய்யில் உள்ள எஸ்.ஆர்.ஒய் என்ற ஜீன் விழித்து, 17ஆம் குரோமோசோமில் இருக்கும் சாக்ஸ்9 ஜீனை எழுப்பிவிடும். விரையைக் கட்டும் வேலையை முன்னின்று நடத்துவது அந்த சாக்ஸ்9தான்.

தந்தையின் உடலில் விந்தணு உருவாகும்போது எக்ஸும் ஒய்யும் நுனித் துண்டுகளை மாற்றிக்கொள்ளும். எஸ்.ஆர்.ஒய் அந்தத் துண்டின் எல்லையை ஒட்டியே இருப்பதால், எப்போதாவது தவறிப்போய் எக்ஸில் ஒட்டிக்கொள்ளும். அந்த எக்ஸைப் பெற்ற குழந்தைக்கு விரை வளரும். ஆனால் விந்தணு உற்பத்திக்கு வேண்டிய மற்ற ஒய் ஜீன்கள் கிடையாது. இப்படிப்பட்ட ஆண்களின் டி.என்.ஏ.வை ஆராய்ந்துதான் 1990இல் லண்டன் விஞ்ஞானிகள் எஸ்.ஆர்.ஒய்யைப் பிடித்தார்கள். மறு வருடம் எக்ஸ்எக்ஸ் சுண்டெலிக் கருவுக்குள் சுண்டெலியின் எஸ்.ஆர்.ஒய்யைச் செலுத்தினார்கள். பிறந்த குட்டிக்கு விரைகள் இருந்தன. பாடப்புத்தகம் இந்தப் பரிசோதனையை விளக்கமாகச் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கேள்வி: எங்கள் பசு இரட்டைக் கன்று போட்டது. ஒன்று காளை, ஒன்று கிடேரி. கிடேரி சினை பிடிக்காது என்று ஊரில் சொல்கிறார்களே?

பதில்: ஊர் சொல்வது பெரும்பாலும் சரி. காளையோடு பிறந்த கிடேரிகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் மலடாகிவிடும். மாட்டின் வயிற்றில் இரண்டு கன்றுகளின் நஞ்சுக்கொடியும் ஒட்டி, ரத்தக் குழாய்கள் இணைந்துவிடுகின்றன. காளையின் விரைதான் முதலில் உருவாகிறது. அது சுரக்கும் ஹார்மோன் தங்கையின் உடலுக்கும் பாய்ந்து, கருப்பையாக வேண்டிய குழாயைக் கரைத்துவிடுகிறது. அவளுடைய குரோமோசோம் எக்ஸ்எக்ஸ்தான், அதில் ஒரு குறையும் இல்லை. ரத்தத்தில் மட்டும் அண்ணனின் எக்ஸ்ஒய் செல்கள் கலந்து ஓடும்.

கால்நடை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். வழவழப்பான குழாயைப் பிறப்புறுப்பில் மெல்ல விட்டு அளப்பார். சில வாரக் கன்றுக்கு 12 முதல் 15 செ.மீ. போக வேண்டும். மலட்டுக் கிடேரிக்கு 5 முதல் 8 செ.மீ.யிலேயே முட்டும். சந்தேகமிருந்தால் ரத்தப் பரிசோதனையும் உண்டு. நீங்களாகக் குச்சி விட்டுப் பார்க்காதீர்கள், புண்ணாகிவிடும். தப்பிப்பதும் ஒன்றிரண்டு உண்டு என்பதால், பார்க்காமல் விற்றுவிடாதீர்கள்.

கேள்வி: மகளுக்கு 17 வயது. மார்பு வளர்ந்திருக்கிறது, வயதுக்கு வரவில்லை. ஸ்கேனில் கர்ப்பப்பை இல்லை, ரத்தத்தில் எக்ஸ்ஒய் என்று வந்திருக்கிறது. அவள் பையனா?

பதில்: அம்மா, அவள் உங்கள் மகள். ரிப்போர்ட் வந்ததால் அது மாறவில்லை.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் ஆண் ஹார்மோனை உடல் ஏற்காத நிலை போலத் தெரிகிறது. மருத்துவர்தான் உறுதிசெய்ய வேண்டும். இதில் எஸ்.ஆர்.ஒய் தன் வேலையைச் செய்து வயிற்றுக்குள்ளோ கவட்டிலோ விரையை உண்டாக்கியிருக்கும். அதில் சுரக்கும் ஒரு ஹார்மோன் கர்ப்பப்பை வளரவிடாமல் செய்துவிட்டது. இன்னொன்றான டெஸ்டோஸ்டிரோனை வாங்கிக்கொள்ளும் ஏற்பி மட்டும் செல்களில் வேலை செய்யவில்லை. அதனால் வெளி உடல் பெண்ணாக வளர்ந்தது. மிஞ்சிய டெஸ்டோஸ்டிரோன் ஈஸ்ட்ரோஜனாக மாறி மார்பையும் தந்தது.

கர்ப்பப்பை இருந்து, மார்பு வளராமல், எக்ஸ்ஒய் என்று வந்திருந்தால் அது வேறு நிலை. அங்கே வளராத சுரப்பியில் கட்டி வரும் ஆபத்து அதிகம், சீக்கிரம் எடுத்துவிடுவார்கள். உங்கள் மகளுக்கு அந்த அவசரம் பொதுவாக இருக்காது. எடுப்பதா, கண்காணிப்பதா என்பதை ஹார்மோன் மருத்துவரோடு அவளையும் உட்காரவைத்துப் பேசி முடிவெடுங்கள். அவளிடம் மறைக்காதீர்கள். அவள் உடம்பு, அவளுக்குத் தெரிய வேண்டும். உறவுக்காரர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

கேள்வி: ஒய் குரோமோசோம் தேய்ந்துகொண்டே வருகிறதாமே, ஆண் இனம் அழிந்துவிடுமா?

பதில்: ஜப்பானின் அமாமி ஓஷிமா தீவில் முள் போன்ற மயிர் கொண்ட ஒரு எலி இனம் இருக்கிறது. ஆணுக்கும் ஒரே ஒரு எக்ஸ், பெண்ணுக்கும் ஒரே ஒரு எக்ஸ். ஒய்யும் இல்லை, எஸ்.ஆர்.ஒய்யும் இல்லை. ஆனாலும் ஆண் எலிகள் பிறந்துகொண்டுதான் இருக்கின்றன. 2022இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காரணத்தைக் கண்டார்கள்: ஆண்களிடம் மட்டும், சாக்ஸ்9 ஜீனுக்கு அருகே சுமார் 17,000 டி.என்.ஏ. எழுத்து நீளத் துண்டு ஒன்று இரட்டிப்பாகியிருந்தது. எஸ்.ஆர்.ஒய் இல்லாமலே சாக்ஸ்9ஐ எழுப்பிவிடுவது அதுதான்.