சீஃப் வந்தால் எழுந்து நிற்பவர்களுக்கான பரீட்சை

கேள்வி: அக்கா, இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் ஒன்றரை வருடமாக வேலை பார்க்கிறேன். ஜிபி (குடும்ப மருத்துவர்) பயிற்சியில் சேர ஜனவரியில் எம்எஸ்ஆர்ஏ என்ற தேர்வு எழுதினேன். கிளினிக்கல் தாளில் நல்ல மார்க். வேலையில் வரும் தர்மசங்கடங்களில் எப்படி நடந்துகொள்வோம் என்று பார்க்கும் ப்ரொஃபஷனல் டைலமாஸ் தாளில்தான் கவிழ்ந்துவிட்டேன். ஆயிரக்கணக்கில் கேள்விகள் போட்டுப் பார்த்தும் இந்தக் கதி. ‘நல்ல மனசு இருந்தால் போதும், பாஸ்’ என்கிறார்கள். எனக்கு மனசு சரியில்லையா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: உன் மனசுக்கு ஒன்றுமில்லை, தங்கச்சி. முதல் தடவை எழுதியபோது நானும் இதே மாதிரித் தாளில்தான் சறுக்கினேன். எங்கே சறுக்கினேன் என்பது இன்றும் நினைவிருக்கிறது.

அது போன்ற ஒரு கேள்வி. காலை எட்டு மணி, ஹேண்ட்ஓவர் – ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளைப் பற்றிச் சொல்லி ஒப்படைக்கும் நேரம். உன்னோடு வேலை செய்யும் இன்னொரு ஜூனியர் டாக்டரிடம் மது வாடை. ஐந்து வழிகள் தந்து, சிறந்ததிலிருந்து மோசமானதுவரை வரிசைப்படுத்தச் சொல்கிறார்கள். தனியே அழைத்து, ‘இன்றைக்கு நோயாளிகளைப் பார்க்காதே, வீட்டுக்குப் போ’ என்பது. கன்சல்டன்ட்டிடம் (வார்டுக்குப் பொறுப்பான மூத்த டாக்டர்) உடனே சொல்வது. சாயங்காலம் அவனுடைய சூப்பர்வைசருக்கு மெயில் போடுவது. ‘உங்களுக்கும் வாடை வந்ததா?’ என்று நர்ஸிடம் கேட்பது. யாரிடமும் மூச்சு விடாமல், அவன் எழுதும் ட்ரக் சார்ட்டுகளை (மருந்துக் குறிப்புத் தாள்களை) எல்லாம் நாமே ஒருமுறை சரிபார்த்துவிடுவது.

அந்தக் கடைசி வழியை நான் இரண்டாவதாகப் போட்டேன்! நண்பனும் மாட்ட மாட்டான், நோயாளிக்கும் ஆபத்தில்லை என்று கணக்குப் போட்ட கெட்டிக்காரத்தனம். அவன் ஊசியோடு ஒரு நோயாளியின் கையைப் பிடிக்கும்போது நான் எங்கே நிற்பேன் என்று யோசிக்கவே இல்லை. முதல் இரண்டு வழிகளில்தான் அவன் உடனே வார்டை விட்டு விலகுகிறான். அவற்றில் எது முதல் என்பதில் சண்டை போடலாம், மார்க் பெரிதாகப் போகாது. நிபுணர்களின் வரிசைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறாய் என்று பார்த்துத்தான் போடுகிறார்கள். மெயில் சாயங்காலம் போகிறது. அதுவரை அவன் வார்டில். நர்ஸிடம் கேட்பது சாட்சி தேடுவது போலத் தெரியும், நடப்பதோ வம்பு.

இன்னொன்று. வரிசைப்படுத்தும் கேள்வியில் ஒவ்வொரு வழியையும் தனியாக எடைபோட வேண்டும். முதலில் இது, அது முடிந்ததும் அது என்று செய்முறை எழுதக்கூடாது. எட்டு வழிகளில் மூன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி இதற்கு நேரெதிர்: மூன்றும் சேர்ந்து பிரச்சினையை முழுதாகக் கவனிக்க வேண்டும். மூன்றுமே ‘சீனியரிடம் சொல்’ என்று இருந்தால் நோயாளியிடம் பேசுவது யார்?

நம்மவர்கள் இரண்டு விதமாகத் தவறுகிறோம். சீஃப், அதாவது தலைமை டாக்டர், வந்தால் எழுந்து நின்று பழகியவர்கள், சீனியர் தப்புச் செய்தால் வாயைத் திறக்க மாட்டோம். இங்கே வந்து ‘தட்டிக் கேட்கணும்’ என்று யாராவது சொன்னதும், எடுத்த எடுப்பில் டாக்டர்களை ஒழுங்குபடுத்தும் ஜிஎம்சிக்கே (ஜெனரல் மெடிக்கல் கவுன்சில்) புகார் எழுதுவோம். நடுவில் எத்தனை படிகள் இருக்கின்றன என்று பார்க்க ஒரு நல்ல உதாரணம் வண்டி ஓட்டும் விவகாரம். வலிப்பு வந்த நோயாளி கார் ஓட்டுகிறார். ஓட்டுநர் உரிமம் தரும் அரசு அமைப்பான டிவிஎல்ஏவுக்குத் தெரிவிப்பது அவருடைய சட்டக் கடமை. அதை முதலில் அவரிடமே சொல். கேட்கவில்லையா, புரியவைக்க முடிந்தவரை முயற்சி செய். அப்போதும் ஓட்டினால், ‘நான் தெரிவிக்கப் போகிறேன்’ என்று அவரிடம் சொல்லிவிட்டு டிவிஎல்ஏவுக்குத் தெரிவி. பிறகு அதை அவருக்கு எழுத்திலும் கொடு. ஜிஎம்சியின் ரகசியக் காப்பு வழிகாட்டலில் இருப்பதுதான் இது. இந்த ஒரு ஏணி மனசில் பதிந்தால் பாதிக் கேள்விகளுக்கு வழி தெரியும்.

ஆயிரம் கேள்வி போட்டதுதான் உன்னைக் கெடுத்தது என்பது என் சந்தேகம். ஒவ்வொரு கேள்வி வங்கியும் தன் மனம்போனபடி விடை சொல்லும். அதிகாரபூர்வ மாதிரித் தாளை எடு. தப்பான ஒவ்வொன்றுக்கும் ‘ஏன்’ என்று ஒரு வரி எழுது. கூடவே ஜிஎம்சியின் ‘குட் மெடிக்கல் ப்ராக்டிஸ்’ படி. 2024 ஜனவரி 30இல் நடைமுறைக்கு வந்த பதிப்பாக இருக்கட்டும். சீனியர்கள் அன்போடு கைமாற்றிவிடுவது பெரும்பாலும் 2013 பிரதி.

கேள்வி: நோயாளி அன்பாகக் கவரில் பணம் நீட்டினால், வாங்காவிட்டால் மனம் புண்படாதா? பரீட்சையில் என்ன போடுவது?
– இன்னொரு வாசகர்

பதில்: வார்டுக்கு ஒரு டப்பா சாக்லேட் என்றால் நன்றி சொல்லி எல்லோரும் சாப்பிடுங்கள். பணக் கவர் என்றால் பக்குவமாக மறுத்து, சீனியரிடமும் சொல்லிவிடுங்கள். இங்கிலாந்தில் ஜிபி பிராக்டிஸ்கள் 100 பவுண்டுக்கு மேற்பட்ட பரிசுகளுக்குப் பதிவேடே வைக்க வேண்டும். ஜிபி ஆன பிறகு அது உங்கள் மேஜைக்கும் வரும்.

கேள்வி: ப்ரொஃபஷனல் டைலமாஸ் தாளில் 95 நிமிடத்தில் 50 கேள்வி. கடைசிப் பத்தைத் தொடவே முடியவில்லை.
– அதே வாசகர்

பதில்: ஒன்றுக்கு 114 விநாடி. தப்பு விடைக்கு மார்க் கழிப்பதில்லை, எனவே எதையும் காலியாக விடாதீர்கள். கதையைப் படிக்கும்போதே ‘நான் இங்கே எஃப்ஒய்2 (படிப்பு முடித்து இரண்டாம் வருடப் பயிற்சியில் இருக்கும் டாக்டர்)’ என்று நினைத்துக்கொள்ளுங்கள். கன்சல்டன்ட்டாக மாறி யோசிப்பதில்தான் பாதி நேரம் போகிறது.