அமெரிக்காவில் தேர்வு எழுதியே அசோசியேட் டிகிரி வாங்க முடியுமா?

கேள்வி: சென்னையில் பி.காம். இரண்டாம் ஆண்டு முடித்த கையோடு திருமணமாகி அமெரிக்கா வந்துவிட்டேன். இப்போது நியூ ஜெர்சி மாநிலம் எடிசனில் வசிக்கிறோம். கிரீன் கார்டும் கிடைத்துவிட்டது. பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் பாராபுரொஃபஷனல் (வகுப்பறை உதவியாளர்) வேலைக்கு முயல நினைக்கிறேன். பிற்பாடு ஆசிரியையாகும் ஆசையும் உண்டு. "கல்லூரிக்கே போக வேண்டாம், க்ளெப் தேர்வும் சோஃபியா பாடங்களும் போதும், ஒரே வருடத்தில் அசோசியேட் டிகிரி வாங்கிவிடலாம்" என்கிறார் ஒரு தோழி. இது உண்மையா, ஏமாற்று வேலையா?

பதில்: ஏமாற்று வேலை இல்லை. ஆனால் உங்கள் தோழி சொன்னது பாதிக் கதைதான். மீதிப் பாதி உங்கள் சென்னை மதிப்பெண் பட்டியலில் இருக்கிறது. அதை வெளியே எடுக்காமல் க்ளெப்புக்குப் பணம் கட்ட வேண்டாம்.

முதலில் இந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். அமெரிக்காவில் அசோசியேட் டிகிரி என்பது இரண்டாண்டுப் பட்டம், பொதுவாக 60 கிரெடிட் (படிப்பை அளக்கும் அலகு). ஒரு பருவம் முழுக்கப் படிக்கும் ஒரு பாடத்துக்கு 3 கிரெடிட் என்று வைத்தால் சுமார் 20 பாடங்கள். அந்த 60-ம் ஒரே கல்லூரியின் வகுப்பறையில் உட்கார்ந்து வாங்கியதாக இருக்க வேண்டும் என்பதில்லை. க்ளெப் என்பது காலேஜ் போர்டு நடத்தும் தேர்வு. 1960-களிலிருந்து இருக்கிறது. முப்பதுக்கும் மேற்பட்ட பாடங்களில் எழுதலாம். பெரும்பாலான தேர்வுகள் ஒன்றரை மணி நேரம். மதிப்பெண் 20-லிருந்து 80 வரை. 50 எடுத்தால் கிரெடிட் தரலாம் என்பது 'ஏஸ்' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அமெரிக்கன் கவுன்சில் ஆன் எஜுகேஷன் அமைப்பின் பரிந்துரை. சோஃபியா, ஸ்டடி டாட் காம், ஸ்ட்ரெய்ட்டர்லைன், சேலர் அகாடமி போன்றவை இணையவழிப் பாடங்கள். இவற்றுக்கும் அதே ஏஸ் பரிந்துரை உண்டு.

'பரிந்துரை' என்பதைக் கவனியுங்கள். ஏஸ் கல்லூரி அல்ல, சோஃபியாவும் கல்லூரி அல்ல. இவர்களில் யாரும் டிகிரி தருவதில்லை. கிரெடிட்டை ஏற்பதும் தள்ளுவதும் நீங்கள் சேரும் கல்லூரியின் விருப்பம். ஒரு கல்லூரி ஏற்றுக்கொண்டதை இன்னொரு கல்லூரி மறுக்கலாம். அதே கல்லூரிக்குள்ளேயே ஒரு துறை ஏற்று இன்னொரு துறை மறுப்பதும் உண்டு. அதனால்தான் எந்தக் கல்லூரி என்று முடிவு செய்யாமல் தேர்வுகளாக எழுதிக் குவிப்பவர்கள் கடைசியில் மாட்டிக்கொள்கிறார்கள்.

இனி உங்கள் பி.காம். பட்டம் முடிக்காவிட்டாலும், தேர்ச்சி பெற்ற தாள்கள் செத்துப்போகவில்லை. அவற்றை அமெரிக்கக் கிரெடிட்டாக மதிப்பிட்டுத் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. இத்தகைய நிறுவனங்களின் 'நேசஸ்' கூட்டமைப்பில் உறுப்பினராக உள்ள நிறுவனம் தரும் அறிக்கையைத்தான் பெரும்பாலான கல்லூரிகள் கேட்கும். டபிள்யூ.இ.எஸ்., இ.சி.இ. இரண்டும் அந்தக் கூட்டமைப்பில் உள்ளவை. நீங்கள் சேர நினைக்கும் கல்லூரி யாருடைய அறிக்கையை ஏற்கிறது என்று கேட்டுவிட்டு அவர்களிடமே போங்கள். 'கோர்ஸ் பை கோர்ஸ்', அதாவது தாள்வாரியான அறிக்கையையே கேளுங்கள். மொத்தமாக "இரண்டாண்டுக் கல்லூரிப் படிப்பு" என்று மட்டும் எழுதித் தரும் மலிவான அறிக்கை, கிரெடிட் மாற்ற உதவாது.

நம் ஊர்க் கல்லூரிகளில் பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்று முதன்மைப் பாடம் என்று படித்திருப்பீர்கள். தமிழ்த் தாள்கள் மொழி அல்லது இலக்கியக் கிரெடிட்டாக வந்து, பொதுக்கல்வித் தேவையில் ஒரு பகுதியை அடைக்க வாய்ப்பிருக்கிறது. (பகுதி ஒன்றில் இந்தியோ பிரெஞ்சோ எடுத்தவர்கள் மொழித்திறனைச் சோதிக்கும் ஆக்ட்ஃபில் அமைப்பின் தமிழ் வாய்மொழித் தேர்வு எழுதிக் கிரெடிட் கேட்கலாம். தமிழ் பேசத் தெரிந்ததற்கே கிரெடிட்!) கணக்குப் பதிவியல், பொருளாதாரத் தாள்களும் வரும். ஆங்கிலத்தில்தான் சிக்கல். பகுதி இரண்டு ஆங்கிலத்தை 'இங்கிலீஷ் காம்போசிஷன்' (ஆங்கிலத்தில் கட்டுரை எழுதப் பழக்கும்) பாடத்துக்கு ஈடாகப் பல கல்லூரிகள் ஒத்துக்கொள்வதில்லை. அதைத் தனியாக முடிக்கச் சொல்வார்கள். அரியர் வைத்த தாள்களை மறந்துவிடுங்கள்.

க்ளெப்பை அவசரப்பட்டு எழுத வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். பி.காம். படித்தவர் கண்ணை மூடிக்கொண்டு ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங், மைக்ரோ எகனாமிக்ஸ் என்று எழுதப் போவார், தேர்ச்சியும் பெறுவார். ஆனால் அதே பாடம் சென்னைத் தாளிலிருந்து ஏற்கெனவே வந்திருந்தால் இரண்டாவது முறை கிரெடிட் கிடையாது. பணமும் உழைப்பும் வீண். மதிப்பீட்டு அறிக்கை கையில் வந்தபின், எது குறைகிறது என்று பார்த்து அதை மட்டும் எழுதுங்கள். உங்கள் விஷயத்தில் குறைவது பெரும்பாலும் காம்போசிஷன், கல்லூரிக் கணிதம், ஓர் அறிவியல் பாடம், அமெரிக்க வரலாறு அல்லது அரசியல், உளவியல் இந்த வகையாகத்தான் இருக்கும்.

க்ளெப்பா, சோஃபியாவா? க்ளெப் ஒரே தேர்வு, ஒரே நாள். கட்டணம் சுமார் 100 டாலர், அதற்கு மேல் தேர்வு மையக் கட்டணம். மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற அறக்கட்டளையின் இலவசப் பாடத்தை முடித்தால் தேர்வுக் கட்டணத்துக்கு வவுச்சரே தருகிறார்கள், இதை விட்டுவிடாதீர்கள். தோற்றால் அதே பாடத்தை மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி எழுத முடியும். சோஃபியாவுக்கு மாதச் சந்தா, அதுவும் சுமார் 100 டாலர். ஒரு நேரத்தில் இரண்டு பாடம் திறக்கலாம், சிறுசிறு தேர்வுகளாக நகரும். வேகமாக முடித்தால் ஒரு மாதச் சந்தாவிலேயே பல பாடங்கள் தேறும். காம்போசிஷனில் மட்டும் கட்டுரைகளை எழுதி, திருத்தி வாங்க வேண்டும், நாள் பிடிக்கும். பரீட்சை எழுதியே வளர்ந்த நமக்கு க்ளெப் ஒத்துவரும். ஆனால் அமெரிக்க வரலாறு மாதிரி பள்ளியில் தொடவே தொடாத பாடத்துக்குச் சோஃபியாவே மேல் என்பது என் கருத்து. உங்கள் கல்லூரி இரண்டையும் ஏற்கிறதா என்பது தனிக் கேள்வி. க்ளெப்பை ஏற்கும் கல்லூரிகள் ஏராளம், சோஃபியாவை ஏற்பவை அவ்வளவு இல்லை.

அடுத்தது கல்லூரி. வெளிக் கிரெடிட்டைத் தாராளமாக ஏற்பதில் மூன்று பெயர்கள் எப்போதும் அடிபடும்: நியூயார்க் மாநிலத்தின் எக்ஸெல்சியர், கனெக்டிகட்டின் சார்ட்டர் ஓக், உங்கள் மாநிலத் தலைநகர் ட்ரெண்டனில் இருக்கும் தாமஸ் எடிசன் ஸ்டேட் யுனிவர்சிட்டி. மூன்றுமே 1970-களின் தொடக்கத்தில், வேலைக்குப் போகும் பெரியவர்களை நினைத்துத் தொடங்கியவை. தாமஸ் எடிசன் அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் மாநிலவாசிக்குக் கட்டணம் குறைவு. தங்கள் சொந்தப் பாடமாக மிகக் குறைவாகத்தான் கேட்பார்கள். விண்ணப்பம், பட்டமளிப்பு, சொந்தப் பாடம் எடுக்காததற்கான 'ரெசிடென்சி வெய்வர்' என்று வேறு பெயர்களில் கட்டணம் உண்டா என்பதையும் சேர்த்து விசாரியுங்கள். பாடக் கட்டணத்தை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டால் கடைசியில் இடிக்கும். "வாழ்க்கை அனுபவத்துக்கே டிகிரி, இரண்டு வாரத்தில்" என்று விளம்பரம் செய்பவர்கள் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். அங்கீகாரம் உண்டா என்பதை அமெரிக்கக் கல்வித் துறையின் இணையப் பட்டியலில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு உங்களிடம் நான் கேட்க வேண்டியது ஒன்று: பாராபுரொஃபஷனல் வேலைக்கு அசோசியேட் டிகிரி கட்டாயம் தேவையா? டைட்டில் ஒன் எனப்படும், வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் அதிகம் உள்ள பள்ளிகளுக்கான கூட்டாட்சி நிதி பெறும் திட்டங்களுக்குக் கூட்டாட்சிச் சட்டம் மூன்று வழி வைத்திருக்கிறது. இரண்டாண்டுக் கல்லூரிப் படிப்பு, அல்லது அசோசியேட் டிகிரி, அல்லது வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் ஒரு திறன் தேர்வு. இ.டி.எஸ். என்ற தேர்வு நிறுவனம் நடத்தும் 'பாராபுரோ' தேர்வு இந்த மூன்றாம் வகைக்கானது. ஆகவே உங்கள் சென்னை மதிப்பீட்டு அறிக்கையே முதல் வழிக்குப் போதுமானதாக அமையக்கூடும். இல்லாவிட்டால் பாராபுரோ ஒரே தேர்வு. பள்ளி மாவட்ட அலுவலகத்தில் எது செல்லும் என்று கேளுங்கள். வேலைக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆசிரியை ஆவது வேறு கணக்கு. அதற்கு இளநிலைப் பட்டம் வேண்டும், ஆசிரியர் பயிற்சித் திட்டங்கள் ஜி.பி.ஏ.-யையும் (பாடங்களில் வாங்கிய கிரேடுகளின் சராசரி) பார்க்கும். க்ளெப்பிலும் சோஃபியாவிலும் வருவது பெரும்பாலும் 'தேர்ச்சி' என்றுதான் பதிவாகும், ஜி.பி.ஏ.-யில் சேராது. மேலும், நியூ ஜெர்சியில் 2007-இல் வந்த லாம்பிட் சட்டப்படி, கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் இரண்டாண்டு அரசுக் கல்லூரி) வாங்கிய ஏ.ஏ., ஏ.எஸ். என்ற அசோசியேட் பட்டங்கள் மாநில அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு முழுமையாக மாற்றத்தக்கவை. ரட்கர்ஸ் போன்ற மாநிலப் பல்கலைக்கழகத்தில் பட்டப் படிப்பைத் தொடர நினைத்தால் இந்தப் பாதுகாப்பு பெரிது. எடிசனிலேயே மிடில்செக்ஸ் என்ற கம்யூனிட்டி காலேஜ் இருக்கிறது. கிரீன் கார்டு உள்ளவர் என்பதால் ஃபாஃப்ஸா என்ற கூட்டாட்சி நிதியுதவி விண்ணப்பத்தை நிரப்பி உதவி கேட்கலாம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 65,000 டாலருக்குள் என்றால், மாநிலத்தின் கம்யூனிட்டி காலேஜ் உதவித்தொகையில் கட்டணமே இல்லாமல் போகலாம். பருவத்துக்குக் குறைந்தது 6 கிரெடிட் எடுக்க வேண்டும். க்ளெப்புக்கோ சோஃபியாவுக்கோ இந்த நிதியுதவி எதுவும் வராது. வருமானம் அந்த வரம்புக்குள் இருந்தால் உங்கள் தோழியின் 'மலிவான' வழிதான் உங்களுக்குச் செலவு கூடிய வழி.

உங்கள் நிலையில் நான் இப்படிச் செய்வேன்: வேலைக்குப் பாராபுரோ அல்லது மதிப்பீட்டு அறிக்கை, படிப்புக்கு மிடில்செக்ஸ், அதில் காம்போசிஷனையும் கல்வியியல் பாடங்களையும் வகுப்பிலேயே எடுத்து, அவர்கள் ஏற்கும் க்ளெப் இரண்டு மூன்றை மட்டும் இடையில் எழுதுவேன். ஆசிரியை ஆசையைத் தள்ளிவைத்து, ஒரு டிகிரி கையில் இருந்தால் போதும் என்றால் தாமஸ் எடிசனே சரி. அப்போது தோழி சொன்ன ஒரு வருடக் கணக்கும் நடக்கக்கூடியதுதான். எந்தக் கல்லூரியானாலும், இந்தத் தேர்வு எங்கள் பட்டத்தில் இந்தப் பாடத்துக்கு ஈடு என்று ஆலோசகரிடம் மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொண்டு எழுதுங்கள். போனில் சொன்னது செல்லாது.

சென்னையிலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் வருவதுதான் இதில் அதிக நாள் பிடிக்கும் வேலை. நீங்கள் படித்தது தன்னாட்சிக் கல்லூரி என்றால் கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம், இல்லையென்றால் சேப்பாக்கத்தில் பல்கலைக்கழகம். உறையை முத்திரையிட்டு அவர்களே மதிப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கலாம். ஊரில் இருக்கும் அப்பாவையோ அண்ணனையோ ஓர் அங்கீகாரக் கடிதத்தோடு நேரில் போகச் சொல்லுங்கள், இந்த வாரமே.