சில சின்ன கேம் வருஷக்கணக்காகச் சலிப்பதில்லை, சில மூன்றாம் நாளே சலித்துவிடுகிறது. ஏன்?

பழைய விண்டோஸில் இருந்த மைன்ஸ்வீப்பரும் ஃப்ரீசெல்லும் இன்னும் பிடிக்கிறது, போனில் இறக்குகிற கேம் எல்லாம் உடனே அலுத்துப்போகிறது, எனக்கு வயசாகிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். வயசுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அநேகமாக நீங்கள் வேலைக்கு நடுவே பத்து நிமிஷம் கிடைத்தால் ஆடுகிறவர். அந்தப் பத்து நிமிஷத்துக்கு ஒரு கேம் என்ன தரவேண்டும் என்பதை வைத்தே சொல்கிறேன்.

என் அளவுகோல் ஒன்றுதான். தோற்ற மறுநொடி "அடச்சே, அந்த இடத்தில் தப்பு பண்ணிட்டேனே" என்று தோன்ற வேண்டும். அப்படித் தோன்றினால் கை தானாக அடுத்த ஆட்டத்தைத் தொடங்கும். "இதில் நான் என்ன செய்திருக்க முடியும்?" என்று தோன்றினால் அதோடு சரி. படம், இசை, கலர் எல்லாம் இதற்கு அடுத்துதான். நாற்பது மணி நேரம் கதையோடு ஓடுகிற பெரிய கேம்களுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது, தெரியும். அதை வைத்து யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கேள்வி சின்ன கேம் பற்றியது.

மைன்ஸ்வீப்பரையே எடுத்துக்கொள்வோம். கட்டங்களுக்கு அடியில் கண்ணிவெடி ஒளிந்திருக்கும்; திறந்த கட்டத்தில் வருகிற எண், அதைச் சுற்றித் தொடுகிற கட்டங்களில் எத்தனை கண்ணி என்று சொல்லும். 1990ல் மைக்ரோசாஃப்ட் தனியாக விற்ற கேம் தொகுப்பில் வந்தது. 1992ல் விண்டோஸ் 3.1 உடன் எல்லார் கணினியிலும் ஏறியது. பிந்தைய பதிப்புகளில் தொடக்க நிலைக்கு 9க்கு 9 கட்டம், 10 கண்ணி. நடு நிலையில் 16க்கு 16, 40 கண்ணி. கடைசி நிலையில் 30க்கு 16, 99 கண்ணி. பலகை பெரிதாவதால்தான் கஷ்டம் கூடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கூடுவது நெருக்கம். முதல் நிலையில் எட்டுக் கட்டத்துக்கு ஒரு கண்ணி, நடுவில் ஆறுக்கு ஒன்று, கடைசியில் கிட்டத்தட்ட ஐந்துக்கு ஒன்று. இந்தச் சின்ன வித்தியாசத்திலேயே "எண்ணிப் பார்த்தால் போதும்" என்ற கேம் "யோசித்தே ஆகவேண்டும்" என்ற கேமாக மாறிவிடுகிறது.

அந்த யோசனை எப்படிப்பட்டது என்று ஒன்றைக் காட்டுகிறேன். திறந்த பகுதியின் ஓரத்தில் 1, 2, 1 என்று மூன்று எண் வரிசையாக நிற்கிறது. அவற்றுக்கு மேல் வரிசை மட்டும் இன்னும் திறக்கவில்லை. 2க்கு நேர் மேலே கண்ணி இருக்குமா? இருந்தால் அது பக்கத்து இரண்டு 1களையும் தொடும். இரண்டு 1களின் கணக்கும் அதோடு முடிந்துபோகும், அவற்றைச் சுற்றி வேறு கண்ணி வரக்கூடாது. அப்புறம் 2க்கு இரண்டாவது கண்ணியை எங்கே வைப்பது? இடமே இல்லை. ஆக 2க்கு மேலே கண்ணி கிடையாது, கண்ணை மூடிக்கொண்டு திறக்கலாம். இரண்டு 1களுக்கும் நேர் மேலே தலா ஒன்று, இங்கே கண்ணி என்று குறிக்கக் கொடி வைக்கலாம். இதே போல 1, 2, 2, 1 என்று வந்தால் இரண்டு 2களுக்கும் மேலே கண்ணி, 1களுக்கு மேலே ஒன்றுமில்லை. இதை யாரும் சொல்லித் தரத் தேவையில்லை, பத்து ஆட்டத்தில் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். கண்டுபிடித்த பிறகு எண்ணாமலே கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். ஒரு சின்ன கேம் தரக்கூடிய பெரிய சுகம் இதுதான்: கேம் மாறவில்லை, அதைப் பார்க்கிற கண் மாறியிருக்கிறது.

இதே மைன்ஸ்வீப்பர் ஏமாற்றுகிற இடமும் உண்டு. கடைசி நிலையில் முக்கால் பலகை முடித்த பிறகு, ஒரு மூலையில் இரண்டு கட்டம், ஒரு கண்ணி. எந்தப் பக்கம் என்று சொல்ல எந்த எண்ணும் இல்லை. இதில் திறமைக்கு வேலையே கிடையாது, நாணயம் சுண்டுவதுதான். கேமை மூடிவைத்துவிட்டுப் போகிறவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் போகிறார்கள்.

இதற்குச் செய்யக்கூடியது மூன்று. ஒன்று, உண்மையிலேயே நாணயம் சுண்டுகிற இடமா என்று மீதிக் கண்ணி எண்ணிக்கையைப் பாருங்கள். ஒரு வழியில் அடுக்கினால் ஒரு கண்ணி, இன்னொரு வழியில் இரண்டு என்று வருகிற இடங்களில் அந்த மீதி எண்ணிக்கையே பதில் சொல்லிவிடும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. இரண்டு, சுற்றி இருக்கிற எல்லாம் முடிந்து, இனி புதுத் தகவல் வரவே வராது என்று தெரிந்தால் அந்தச் சூதாட்டத்தைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள், அப்போதே ஆடிவிடுங்கள். வெடித்தால் ஒரு நிமிஷம்தான் நஷ்டம். கடைசியில் வெடித்தால் மொத்த ஆட்டமும் நஷ்டம். மூன்று, ஊகமே தேவைப்படாத பலகையை மட்டும் உருவாக்குகிற மைன்ஸ்வீப்பர்கள் இருக்கின்றன. சைமன் டாதம் இலவசமாகத் தருகிற புதிர்த் தொகுப்பில் உள்ள 'மைன்ஸ்' அப்படிப்பட்டது: பலகையைத் தானே ஒரு முறை போட்டுப் பார்த்து, ஊகிக்காமல் முடிக்க முடியும் என்றால்தான் நம் முன் வைக்கும். "ஊகம் இல்லாவிட்டால் த்ரில் போய்விடும்" என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் ரசனை அது. எனக்கு நாற்பது நிமிஷ யோசனையை ஒரு நாணயத்திடம் ஒப்படைக்க மனசு வராது.

முதல் கிளிக்கிலும் இதே பிரச்சினை. பழைய விண்டோஸில் முதல் கட்டத்தில் கண்ணி இருந்தால் அதைச் சத்தமில்லாமல் மேல் இடது மூலைக்கு மாற்றிவிடும், நீங்கள் சாகமாட்டீர்கள். ஆனால் அங்கே ஒரு "2" வந்து நின்றால் என்ன பிரயோஜனம்? மறுபடியும் கண்ணைக் கட்டிக்கொண்டு அடுத்த கிளிக். கடைசி நிலையில் நடுவில் கிளிக் செய்தால் சுற்றி எட்டுக் கட்டமும் காலியாக இருக்க வாய்ப்பு ஏறக்குறைய ஆறில் ஒன்று. மூலைக்குச் சுற்றுக் கட்டம் மூன்றுதான் என்பதால் அங்கே கிட்டத்தட்ட இரண்டில் ஒன்று. பழைய பதிப்பு ஆடுவதானால் மூலையில் தொடங்குங்கள். முதல் கிளிக்கிலேயே ஒரு திறப்பு நிச்சயம் என்று வைத்திருக்கிற பதிப்புகளில் இந்தக் கவலை இல்லை. ஆட்டத்தின் முதல் மூன்று நொடி நியாயமாக இருந்தாலே பாதிக் கோபம் குறைந்துவிடும்.

கைக்கு வருகிற உணர்வையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் போனில் அலுத்துப்போக இது பெரிய காரணம். பழைய மைன்ஸ்வீப்பரில் கட்டம் திறப்பது மவுஸ் பட்டனை அழுத்தும்போது அல்ல, விடும்போது. அழுத்திய பிறகு "ஐயோ, தப்பு" என்று தோன்றினால் விரலை எடுக்காமல் மவுஸைப் பலகைக்கு வெளியே நகர்த்தி விட்டால் ஒன்றும் ஆகாது. அவ்வளவு சின்ன விஷயம்தான், ஆனால் தோல்வியை உங்கள் தோல்வியாக வைப்பது அதுதான். போன் பதிப்புகள் பலவற்றில் கொடி வைக்கக் கட்டத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அரை விநாடி என்றால் 99 கொடிக்கு ஐம்பது விநாடி வெறும் காத்திருப்பு. சற்று முன்னால் விரலை எடுத்துவிட்டால் கொடிக்குப் பதிலாகக் கட்டம் திறந்து வெடித்துவிடும். இதைத் தவிர்க்க, கொடிக்கும் திறப்பதற்கும் மாற்றிக்கொள்ள ஒரு பட்டன் வைத்திருக்கிற பதிப்பாகப் பார்த்து இறக்குங்கள். இன்னொன்று, ஜெயிக்கக் கொடியே தேவையில்லை. கண்ணி இல்லாத கட்டம் எல்லாம் திறந்தால் போதும்.

சீட்டுக்கு வருவோம். சொலிடேர் என்று நாம் சொல்கிற ஆட்டத்தில் ஏழு வரிசையில் 28 சீட்டு, அதில் 21 கவிழ்ந்து கிடக்கும். எவ்வளவு நன்றாக ஆடினாலும் சில அடுக்கு முடியவே முடியாது. அதற்குப் பெரிதாகத் தலையை உடைத்துக்கொள்ளாமல் ஆடலாம், போன் பேசிக்கொண்டே ஆடலாம். அந்த அளவுக்கு நல்லதுதான். ஃப்ரீசெல் வேறு ஜாதி. 52 சீட்டும் முதலிலேயே முகம் காட்டிக் கிடக்கும், ஒளிவு மறைவு இல்லை. பழைய விண்டோஸில் 1 முதல் 32,000 வரை எண்ணிட்ட ஆட்டங்கள். 1990களின் நடுவில் இணையத்தில் ஆட்கள் கூடிப் பங்கு பிரித்து அத்தனையும் ஆடிப் பார்த்தார்கள். 11982 என்ற ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் முடிந்தது. அந்த எண் தவிர வேறெதில் தோற்றாலும் காரணம் ஆடியவர்தான். இந்த உறுதியைத் தருகிற சின்ன கேம் வேறு அதிகம் இல்லை.

ஃப்ரீசெல்லில் தோற்பதற்கான காரணமும் பெரும்பாலும் ஒன்றே: சீட்டைத் தற்காலிகமாக ஒதுக்கி வைக்கத் தருகிற நாலு காலி இடத்தையும் அவசரப்பட்டு நிரப்பிவிடுவது. ஒரே நகர்த்தலில் எத்தனை சீட்டைத் தூக்கலாம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. காலி இடத்தோடு ஒன்று கூட்டுங்கள்: நாலும் காலி என்றால் ஐந்து சீட்டு, இரண்டு காலி என்றால் மூன்று, ஒன்றுமே காலியில்லை என்றால் ஒன்று. ஒரு முழு வரிசை காலியாக இருந்தால் இந்த எண் இரட்டிப்பாகும். அந்தக் காலி வரிசைக்கே நகர்த்துகிறீர்கள் என்றால் மட்டும் அதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. அதனால் ஆரம்பத்தில் ஏஸும் இரண்டும் எந்த வரிசையில் ஆழமாகப் புதைந்திருக்கிறது என்று பார்த்து, அதைத் தோண்டுவதற்கு மட்டும் காலி இடத்தைச் செலவழியுங்கள். அழகாக அடுக்க வேண்டும் என்று ராஜாவையும் ராணியையும் அங்கே கொண்டுபோய் வைத்தால் பதினைந்தாவது நகர்த்தலில் மாட்டிக்கொள்வீர்கள்.

மேலிருந்து விழுகிற துண்டுகளை அடுக்குகிற டெட்ரிஸில் அதிர்ஷ்டத்தைத் திருத்திய விதத்தைப் பாருங்கள். 1984ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் செய்தது; ஏழு வகைத் துண்டு, பத்துக் கட்டம் அகலம். ஒவ்வொரு துண்டையும் வெறும் குலுக்கலில் எடுத்தால், நீளக் கட்டை தொடர்ந்து இருபது துண்டுக்கு வராமல் போக வாய்ப்பு நூற்றுக்கு நாலரை. ஆயிரம் துண்டு ஆடுகிறவருக்கு அது கிட்டத்தட்ட கட்டாயம் நடக்கும். ஒரு பக்கம் குழி தோண்டி வைத்துக் காத்திருந்து சாவார். இப்போதைய டெட்ரிஸ்கள் பெரும்பாலும் ஏழு துண்டையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி, தீர்ந்த பிறகே அடுத்த பையை எடுக்கின்றன. அதனால் இரண்டு நீளக் கட்டைக்கு நடுவில் அதிகபட்சம் பன்னிரண்டு துண்டுதான் வரும். அதற்குத் தாங்குகிற மாதிரி குழியை வைக்காமல் விட்டால், அது உங்கள் தப்பு.

மிட்டாய் பொருத்துகிற ஜாதி கேம்கள் அலுப்பது இங்கேதான். மேலிருந்து என்ன விழும் என்று தெரியாது, விழுந்தது தானே பொருந்தி நாலு சுற்று வெடிக்கும். ஜெயித்தாலும் நீங்கள் ஜெயித்த மாதிரி இருக்காது. கேண்டி க்ரஷில் ஐந்து உயிர், ஒவ்வொன்றும் திரும்பி வர 30 நிமிஷம். ஐந்தும் போனால் முழுசாக நிரம்ப இரண்டரை மணி நேரம். அதாவது உங்கள் தப்பு என்ன என்று புரிந்து, திருத்திப் பார்க்கக் கை துடிக்கிற அந்த நொடியில் கதவைச் சாத்துகிறார்கள். கோடிக்கணக்கானவர்கள் விரும்பி ஆடுகிறார்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. உங்களுக்கு ஏன் அலுக்கிறது என்பதற்கு இதுதான் பதில்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மாட்டேன். தமிழில் வருகிற சொல் விளையாட்டுகள். 'தம்பி' எத்தனை எழுத்து? ஒன்றாம் வகுப்புக் குழந்தை சொல்லும், மூன்று. கணினி உள்ளே அதை த, ம, புள்ளி, ப, கொக்கி என்று ஐந்தாகச் சேமிக்கிறது. கேம் எழுதியவர் அந்த ஐந்தையே எண்ணி ஐந்து கட்டம் போட்டு வைத்தால், ஆடுகிறவர் எப்படி ஜெயிப்பார்? 'பூக்கள்' நாலு எழுத்து, கணினிக்கு ஏழு. 'கொ'வில் கொம்பு க-வுக்கு முன்னால் வரவேண்டும். எழுத்தைக் கோத்துக் காட்டத் தெரியாத கேம் எஞ்சினில் கொம்பு பின்னால் போய்ப் புள்ளி வட்டத்தோடு தொங்கும். 'கௌ' என்பதை 'கெ' போட்டுப் பக்கத்தில் 'ள' போட்டு எழுதுகிறவர்கள் ஏராளம், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. சரியான சொல்லைப் போட்டும் கேம் "தவறு" என்று சொல்லும். தமிழ் நன்றாகத் தெரிந்தவரைத் தமிழ் கேம் தோற்கடிக்கிறது, அவர் ஒரு தப்பும் செய்யாமல்.

இதைச் சரிசெய்வது பெரிய வேலை இல்லை. மெய்யோடு அதன் குறியையோ புள்ளியையோ சேர்த்து ஒரே எழுத்தாக எண்ண வேண்டும், ஒப்பிடுவதற்கு முன் 'கெ'+'ள' வந்திருந்தால் 'கௌ' என்றும் எடுத்துப் பார்க்க வேண்டும். தமிழில் கேம் செய்கிற யாராவது இதைப் படித்தால், வெளியிடுவதற்கு முன் தம்பி, கொக்கு, கௌதாரி மூன்றையும் உங்கள் கேமில் அடித்துப் பாருங்கள். கட்டம் 3, 3, 3 என்று வர வேண்டும்.