வில்லி லோமன் சார்லி கொடுத்த வேலையை ஏன் மறுத்தான்? கடன் வாங்கக் கூசாதவனுக்கு வேலை வாங்க மட்டும் என்ன கூச்சம்?

கேள்வி கேட்டவர் அநேகமாக ஆங்கில இலக்கியம் படிப்பவர், பரீட்சை நெருங்கிவிட்டது என்று நினைக்கிறேன். ஆர்தர் மில்லர் எழுதிய அமெரிக்க நாடகம் ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ பற்றி வேறு யார் இப்படிக் கேட்கப் போகிறார்கள்? மார்க்குக்காக என்றால் கைடில் இருப்பதையே எழுதுங்கள்: வறட்டுக் கௌரவம். ஐந்து மார்க் நிச்சயம். நான் சொல்லப்போவதற்கு மார்க் விழாது.

நான் இலக்கிய ஆள் இல்லை. பி.எஸ்சி. வேதியியல். 19 வருஷம் மெடிக்கல் ரெப். மதுரை ஹெட்குவார்ட்டர்ஸ், தேனி, கம்பம், திண்டுக்கல் எல்லாம் என் ஏரியா. இந்த நாடகம் என் மகளுக்குப் பாடமாக வந்தது. அவள் சத்தமாகப் படித்து, நடுநடுவே அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் கை நின்றுவிட்டது. “இரு, அந்த சார்லி என்ன சொன்னான்? மறுபடி படி” என்றேன்.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக. வில்லிக்கு 60 தாண்டிவிட்டது. வீடு நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில். இரண்டு பெரிய சாம்பிள் பெட்டியோடு நியூ இங்கிலாந்து (அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்கள்) முழுக்கக் கார் ஓட்டி விற்கிறவன். பெட்டிக்குள் என்ன சரக்கு என்று ஆர்தர் மில்லர் கடைசிவரை சொல்வதே இல்லை. சம்பளத்தை நிறுத்தி, புதுசாகச் சேர்ந்தவனைப் போல வெறும் கமிஷனில் போட்டுவிட்டார்கள். பழைய முதலாளியின் மகன் ஹோவர்டிடம் போய், இனி அலைய முடியாது, நியூயார்க்கிலேயே ஓர் இடம் கொடு என்று கேட்கிறான். வாரம் 65 டாலரில் ஆரம்பித்து, 50 ஆகி, கடைசியில் 40க்கு இறங்குகிறான். இருந்த வேலையும் போகிறது. அங்கிருந்து நேராகப் பக்கத்து வீட்டுக்காரன் சார்லியின் ஆபீசுக்குப் போய், இன்சூரன்ஸ் கட்ட 110 டாலர் கடன் கேட்கிறான். சார்லி சொல்கிறான்: என்னிடம் வேலைக்கு வா, வாரம் 50 டாலர், ஊர் சுற்ற அனுப்ப மாட்டேன். எனக்குத்தான் வேலை இருக்கிறதே என்கிறான் வில்லி. சம்பளமில்லாத வேலை என்ன வேலை என்று சார்லி கேட்கிறான். சற்று முன்னால் 40க்குக் கெஞ்சியவன் 50ஐ வேண்டாம் என்கிறான்.

இதைப் படித்து மகள் சிரித்தாள். “லூசாப்பா அந்த ஆளு?” என்றாள். நான் எழுந்து கை கழுவப் போய்விட்டேன்.

2018இல் என் கையால் ட்ரெயினிங் எடுத்த பையன் ஏரியா மேனேஜராகி எனக்கு மாற்றல் ஆர்டர் கொண்டுவந்தான். ராய்ப்பூர். அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தத் தாளின் அர்த்தம் தெரியும்: நீயாக எழுதிக்கொடுத்துவிட்டுப் போ. எழுதிக்கொடுத்தேன். வயது 43. வீட்டில் சொல்லவில்லை. காலையில் சட்டையை இஸ்திரி போட்டு, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். பைக்குள் எக்ஸ்பைரி ஆன சாம்பிள். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் எந்த பெஞ்சில் எப்போது நிழல் விழும் என்று இன்றைக்கும் சொல்வேன்.

என் மச்சினன், மனைவியின் தம்பி, டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். அவனிடம் மாதம் 8,000 கைமாற்று வாங்கினேன். வீட்டில் இன்சென்டிவ் என்று கொடுத்தேன். வில்லியும் சார்லியிடம் வாராவாரம் 50 டாலர் வாங்கித் தன் சம்பளம் என்று மனைவி லிண்டாவிடம் கொடுக்கிறான். அவளுக்கும் அது தெரியும், தெரியாததுபோல் இருக்கிறாள். என் வீட்டிலும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. மூன்றாவது மாதம் மச்சினன் சொன்னான்: “அத்தான், எதுக்கு இப்படி? கடையில உக்காந்து கணக்கப் பாருங்க. நமக்குள்ள என்ன?” எனக்கு ஒரு கம்பெனியில் இன்டர்வியூ முடிந்துவிட்டது, ஆர்டர் வரவேண்டியதுதான் பாக்கி என்றேன். அப்படி ஒரு கம்பெனியே கிடையாது.

உங்கள் கேள்விக்கு இப்போது வருகிறேன். கடன் வாங்கும்போது ‘திருப்பிக் கொடுத்துடுவேன்’ என்று சொல்ல முடியும். அந்த வார்த்தையில் ‘நாளைக்கு’ என்று ஒன்று மிச்சம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருக்கிறேன் என்று வில்லி சார்லியிடம் அடித்துச் சொல்வதும் அதனால்தான். நானும் ஒரு பழைய டைரியில் தேதி போட்டு எழுதி வைத்தேன். வேலையை ஏற்றுக்கொண்டால் அந்த ‘நாளைக்கு’ முடிந்துபோகும். அதைவிட, இத்தனை வருஷமாகப் பிள்ளைகளிடம் சொன்னதெல்லாம் பொய் என்று அவர்கள் எதிரிலேயே கையெழுத்துப் போட்டதாக ஆகும். வில்லி தன் பையன்களிடம் என்ன சொல்லி வளர்த்தான்? சார்லியைச் சிலருக்குப் பிடிக்கும், ஆனால் என்னைப் போல ஆகாது என்று. சார்லியின் மகன் பெர்னார்ட் புத்தகப்புழு, உலகத்தில் தேறமாட்டான் என்று. அந்த பெர்னார்ட் வளர்ந்து சுப்ரீம் கோர்ட்டில் வாதாடப் போகிறான். கணக்கில் ஃபெயிலான வில்லியின் மூத்த மகன் பிஃப் 34 வயதில் கைச்செலவுக்கு வழியில்லாமல் வீடு திரும்பியிருக்கிறான். நானும் சாப்பிடும்போது சொல்லியிருக்கிறேன்: “உங்க மாமா நல்லவன்தான், நாலு பேர்கிட்ட பேசத் தெரியாது. அதான் கல்லு விக்கிறான்.”

போஸ்டன் ஓட்டல் அறையில் அப்பாவை இன்னொரு பெண்ணோடு பார்த்ததும் பிஃபுக்கு எல்லாம் விட்டுப்போகிறது. என் விஷயத்தில் அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது, எழுதிவைத்துவிடுகிறேன், என் மனைவி இந்தத் தளத்தைப் படிப்பாள். மகனுக்குக் காய்ச்சல். அப்போது பிளஸ் டூ. 11 வருஷம் நான் பதினைந்து நாளுக்கொரு தடவை பார்த்த டாக்டரிடம் கூட்டிப்போனேன். மதுரையில் எந்த டாக்டர் ரூமுக்கும் கதவைத் தட்டாமல் போவேன் என்று அவனிடம் எத்தனையோ தடவை பீற்றியிருக்கிறேன். கம்பவுண்டர் என் பையைப் பார்த்து, “ரெப்புன்னா ராத்திரி ஒம்பதுக்கு மேல சார்” என்றான். பேஷன்ட் என்றேன். டோக்கன் 41. உள்ளே போனதும் டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்து, “நீங்க எந்த கம்பெனி?” என்றார். விட்டு ஏழு வாரமான கம்பெனியின் பெயரை நான் தடுமாறாமல் சொன்னேன். மகன் டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா அவனிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். மகனுக்கு இப்போது ஓசூரில் வேலை. போன் பண்ணினால் ‘சாப்பிட்டீங்களா’ வரை பேசுவான்.

“ஒரு சேல்ஸ்மேன் சாவது எப்படித் துன்பியல் ஆகும், அதற்கு ராஜா வேண்டாமா?” என்று யாராவது கமெண்டில் வருவார்கள். நாடகம் நியூயார்க்கில் அரங்கேறியது 1949 பிப்ரவரி 10. அதே மாதமே மில்லர் செய்தித்தாளில் கட்டுரை எழுதி, துன்பியலுக்கு ராஜாவைப் போலவே சாதாரண மனுஷனும் பொருத்தமானவன் என்று சொல்லிவிட்டார். கோட்டுத் தொழில் செய்த அவருடைய அப்பாவே 1929 பங்குச் சந்தைச் சரிவில் எல்லாம் இழந்தவர், வசதியாக இருந்த குடும்பம் புரூக்ளினுக்கு இறங்கியது. வில்லியை நான் நியாயப்படுத்தவில்லை. பெண்டாட்டி கிழிந்த காலுறையைத் தைத்துக்கொண்டிருக்கப் புதுக் காலுறையை வேறொருத்திக்குக் கொடுத்தவன். திட்டுங்கள். முட்டாள் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பாடத்தைப் பற்றிப் பேசுவதால் இதையும் சொல்லிவிடுகிறேன். என் மகள் கல்லூரியில் இந்த நாடகத்துக்கு 40 பக்க அசைன்மென்ட். கையால்தான் எழுத வேண்டும். அதுவும் கல்லூரிக் கடையில் விற்கும், அவர்கள் முத்திரை குத்திய தாளில்தான். வெளியில் வாங்கும் தாளுக்கு என்ன குறை? வாய்மொழித் தேர்வில் கேட்டது ஒரே கேள்வி, நாடகம் எந்த வருஷம் என்று. அந்தக் காசுக்கு நல்ல மொழிபெயர்ப்பு நாடகம் நாலு வாங்கியிருக்கலாம். சரி, விடுங்கள்.

வில்லியின் அடக்கத்தின்போது சார்லி ஒன்று சொல்வான்: கையில் சிமென்ட் கிடைத்தால் அவன் சந்தோஷமாக இருந்தான். வீட்டு முன்படியெல்லாம் வில்லியே கட்டியது. மகள் அதைப் படித்தபோது நான் மச்சினன் கடையில் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. 14 மாதம் இழுத்துவிட்டு, அவன் மூன்றாவது தடவை கேட்டபோது போனேன். டைரியில் மொத்தம் 1,12,000. சம்பளத்தில் மாதம் 3,000 பிடித்துக்கொள் என்றேன். மூன்று மாதம் பிடித்தான். அப்புறம் மறந்துபோனவன் மாதிரி நடிக்கிறான். அது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.