ஊசியும் வெயினும்: இந்த மாதக் கடிதங்கள்

பாம்பனிலிருந்து தொண்டி வரை, டிரிப் ஊசி போடும் நர்ஸ்களிடமிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: "வெயின் (ஊசி போடும் ரத்தக்குழாய்) கிடைக்கவில்லை." முடிந்தவரை பதில் சொல்லியிருக்கிறேன். போன மாதம் பதில் சொன்னதையே திரும்பக் கேட்டவர்களை விட்டுவிட்டேன்.

கே: கடல் தொழிலுக்குப் போகும் ஆண்களுக்குக் கை முழுக்க வெயின் கயிறு மாதிரி தெரிகிறது. ஊசியை வைத்தால் நழுவிவிடுகிறது. ஏன்? (மண்டபம்)

கண்ணை நம்பியதால். வலை இழுத்த கையில் தோல் தடித்திருக்கும், அடியில் கொழுப்பு இருக்காது. பிடிமானம் இல்லாத வெயின், ஊசி பட்டதும் ஒதுங்கிக்கொள்ளும். குத்தும் இடத்துக்கு ஓரிரண்டு அங்குலம் கீழே, இடது கட்டைவிரலால் தோலை விரல் பக்கமாக இழுத்துப் பிடியுங்கள். வென்ஃப்ளான் (ஊசியோடு உள்ளே போய், வெயினிலேயே தங்கும் பிளாஸ்டிக் குழாய்) முழுதாக உள்ளே போகும்வரை அந்தப் பிடியைத் தளர்த்தாதீர்கள். ரத்தம் எட்டிப் பார்த்த சந்தோஷத்திலேயே கையை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். இரண்டு வெயின் வந்து சேரும் இடம் முன்கையில் தெரிந்தால், அதற்குச் சற்றுக் கீழே குத்துங்கள். அங்கே அது அவ்வளவாக நகராது.

கே: என்ன கேஜ் போடலாம்? அவசரம், உடனே பதில் தேவை.

யாருக்கு? எதற்கு? என்ன வயது? ஒன்றும் எழுதவில்லை, ஊர்ப் பெயர்கூட இல்லை. பொதுவாகச் சொல்கிறேன். கேஜ் என்பது ஊசியின் பருமன், நிறம் அதற்கு அடையாளம். பெரியவர்களுக்கு மருந்தும் சாதாரண டிரிப்பும் என்றால் பிங்க் அல்லது நீலம். ஆபரேஷன், பிரசவ ரத்தப்போக்கு என்றால் குறைந்தது பச்சை. குழந்தைக்கு மஞ்சள். பச்சையில் நிமிடத்துக்குச் சுமார் 90 மில்லி ஓடும், நீலத்தில் 35 ஓடினால் பெரிது. உடனே பதில் வேண்டுமானால் பக்கத்தில் நிற்கும் சீனியரைக் கேளுங்கள். மாதம் ஒருமுறை எழுதுகிறவளிடம் கேட்டு என்ன பயன்?

கே: உப்பளத்தில் வேலை பார்ப்பவர், வயிற்றுப்போக்கோடு வந்தார். கை இரண்டிலும் ஒன்றும் தெரியவில்லை. தட்டித் தட்டிப் பார்த்தும் எழும்பவில்லை. (வாலிநோக்கம்)

தட்டாதீர்கள். வலியில் வெயின் இன்னும் சுருங்கும். கையைக் கட்டிலுக்குக் கீழே ஒரு நிமிடம் தொங்கவிடுங்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சுற்றுங்கள், சூடு பொறுக்கும்படி இருக்கட்டும். டூர்னிகேயை (கையை இறுக்கும் பட்டை) குத்தும் இடத்துக்கு நான்கு விரற்கடை மேலே கட்டி, ஆள்காட்டி விரலால் அழுத்தி அழுத்தி விடுங்கள். அழுத்தினால் பஞ்சு போல மேலே எழும்புவது வெயின். கெட்டியாக, உருண்டையாக நின்றால் அது தசைநாராகவோ அடைத்துப்போன பழைய வெயினாகவோ இருக்கும். துடித்தால் தமனி, கையை எடுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் கட்டு இருந்தால் அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டுங்கள்.

இரண்டு முறை குத்தியும் வரவில்லையென்றால் அடுத்தவரைக் கூப்பிடுங்கள். மூன்றாவது முறை உங்களுக்குக் கிடையாது. நோயாளி துவண்டு, நாடி மெலிந்திருந்தால் முதல் முறை தவறும்போதே டாக்டருக்குச் சொல்லுங்கள். குடிக்கக்கூடிய நிலையில் இருந்தால், நீங்கள் தேடும் நேரத்தில் யாராவது அவருக்கு ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கொண்டிருக்கட்டும்.

கே: ரத்தம் வருகிறது, ஆனால் பிளாஸ்டிக் உள்ளே போக மறுக்கிறது. ஊசியைக் கொஞ்சம் உருவி, மறுபடி செருகிப் பார்க்கலாமா? (கீழக்கரை)

கூடவே கூடாது. ஊசி முனை பிளாஸ்டிக்கைக் கிழித்தால் அந்தத் துண்டு ரத்தத்தோடு போய்விடும். ஊசி முனை, பிளாஸ்டிக் முனையைவிட ஒரு நூல் முன்னால் இருக்கிறது. ரத்தம் வந்தபோது ஊசி மட்டும்தான் உள்ளே இருக்கிறது. கோணத்தைத் தாழ்த்தி, இன்னும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மொத்தமாக நகர்த்துங்கள், அப்புறம் பிளாஸ்டிக்கை மட்டும் தள்ளுங்கள். டூர்னிகேயை அவிழ்த்த பிறகு ஊசியை எடுங்கள். கட்டு இருக்கும்போதே உருவினால் படுக்கை விரிப்பெல்லாம் ரத்தம்.

கே: எங்கள் சீனியர் எப்போதும் முழங்கை மடிப்பில்தான் போடச் சொல்கிறார். "சுலபம், ஒரே குத்து" என்கிறார். தவறா? (ராமேஸ்வரம்)

தங்கச்சி, இதைக் கேட்டதற்கு நன்றி. இதைப் பற்றி எழுத எனக்குக் கை அரித்துக்கொண்டே இருந்தது.

சுலபம்தான். யாருக்குச் சுலபம்? குத்துகிறவருக்கு. நம் ஊர்ச் சாலையை நினைத்துப் பாருங்கள். தீவிலிருந்து பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம் வர 55 கிலோமீட்டர், அங்கிருந்து மதுரைக்கு இன்னும் 110க்கு மேல். 108 வண்டியில் படுத்திருப்பவர் கையை நீட்டியபடியா வருவார்? வேகத்தடையில் வண்டி குலுங்கினால் கம்பியைப் பிடிப்பார், வாந்தி வந்தால் எழுந்து உட்காருவார். கை மடங்கும்தோறும் டிரிப் நிற்கும், பிளாஸ்டிக் உள்ளுக்குள் வளைந்து உரசும். இறக்கும்போது பார்த்தால் முழங்கை பலூனாக வீங்கி, பாட்டில் பாதியிலேயே நின்றிருக்கும். "லைன் இருக்கு சிஸ்டர்" என்று உடன் வந்தவர் சொல்வார். லைன் இருக்கும், மருந்து போயிருக்காது. ரெஃபரலில், அதாவது வேறு ஆஸ்பத்திரி அனுப்பி, வரும் கையைத் திருப்பினால் மடிப்பில் ஒரு நீல வென்ஃப்ளான் என்பது எனக்கு மனப்பாடம்.

இன்னொன்று, அந்த மடிப்புக்கு அடியிலேயே பிராக்கியல் தமனியும் மீடியன் நரம்பும் ஓடுகின்றன. தமனிக்குள் மருந்து போனால் விரல்களே கறுத்துப்போகலாம். மேலும், மேலே ஒரு வெயினைக் கிழித்துவிட்டால், அதற்குக் கீழே போடும் லைனின் மருந்து அந்த ஓட்டை வழியாகக் கசியும். அதனால்தான் கீழிருந்து மேலே போகச் சொல்கிறோம். முன்கையில் நேராக ஓடும் இடம்தான் முதல் தேர்வு, முடிந்தால் அவர் வேலைக்கு அதிகம் பயன்படுத்தாத கை.

விபத்து, அதிர்ச்சி நிலை, பிரசவத்தில் ரத்தம் கொட்டுகிறது என்றால் மடிப்பிலேயே பச்சையோ, அதைவிடப் பருமனான சாம்பல் நிறமோ போடுங்கள், நானும் அதைத்தான் செய்வேன். கை மடங்காதபடி சிம்பு வைத்துக் கட்டுங்கள், நிலைமை தேறியதும் இடத்தை மாற்றுங்கள். காய்ச்சலுக்கு வந்து நடந்து போகிறவருக்கு மடிப்பில் போடுவது வெறும் சோம்பல். சீனியர் கேட்டால் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

கே: கரண்ட் போனால் வேர்வையில் பிளாஸ்டர் நிற்பதில்லை. (தேவிபட்டினம்)

முதலில் வேர்வையை உலர்ந்த பஞ்சால் துடையுங்கள். ஸ்பிரிட் தடவிய பிறகு 30 விநாடி காயவிடுங்கள், காய்ந்த இடத்தை மறுபடி விரலால் தொடாதீர்கள். கையைச் சுற்றி வளைத்து ஒட்டவேண்டாம், குத்திய இடம் கண்ணுக்குத் தெரியவேண்டும். தேதியும் நேரமும் எழுதுங்கள்.

கே: பயன்படுத்திய ஊசி விரலில் குத்திவிட்டது. திட்டுவார்களோ என்று யாரிடமும் சொல்லவில்லை. நேற்று நடந்தது. (பெயர் வேண்டாம்)

தம்பி, இதைப் படிக்கும்போது நாட்கள் ஓடியிருக்கும், அதனால் உங்களுக்குத் தனியாகவும் எழுதிவிட்டேன். மற்றவர்களுக்கு: சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள், பிதுக்காதீர்கள், விரலை வாயில் வைக்காதீர்கள். உடனே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை முதல் இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் நல்லது, 72 மணி தாண்டினால் பயனில்லை. திட்டு ஒரு நாளில் போய்விடும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போடாதவர்கள் இந்த வாரமே தொடங்குங்கள். ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடுகிறவர்களுக்குத்தான் பெரும்பாலும் இது நடக்கிறது. வெள்ளை டப்பா எதற்கு இருக்கிறது? கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு குத்த ஆரம்பியுங்கள்.

கே: விரியன் கடித்து வந்தவர். வெயின் கிடைக்காமல் நான்கு இடத்தில் குத்தினோம், எல்லா இடத்திலும் ரத்தம் கசிந்தது. (சாயல்குடி)

கசியத்தான் செய்யும், ரத்தம் உறையாத விஷம் அது. கடிபட்ட கையை விட்டுவிட்டு, அங்கே இருப்பதிலேயே கை தேர்ந்தவர் முதலில் குத்தவேண்டும். பழகும் இடம் அதுவல்ல. தவறிய இடத்தை வெகுநேரம் அழுத்திப் பிடியுங்கள். குத்துவதற்காகப் போட்ட டூர்னிகேயை அவிழ்த்தீர்களா என்றும் பாருங்கள்.

கே: "உடம்புக்குத் தெம்பாக ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க" என்கிறார்கள். (பரமக்குடி)

அரை லிட்டர் 5 சதவீத பாட்டிலில் 25 கிராம் சர்க்கரை, 100 கலோரிகூடத் தேறாது. இரண்டு இட்லி சாப்பிடச் சொல்லுங்கள்.

கே: டயாலிசிஸ் நோயாளி, ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் வெயினையும் இணைத்த இடம்) உள்ள கையில்தான் வெயின் நன்றாகத் தெரிகிறது. போடலாமா? (உச்சிப்புளி)

கூடாது. அந்தக் கையில் பிபிகூடப் பார்க்காதீர்கள். மற்றக் கையின் புறங்கையில் தேடுங்கள்.