கெட்டிமேளம் பிந்திக் கேட்பது ஏன்?

கேள்வி: சுண்ணாகத்தில் மூன்று பேர் சேர்ந்து கல்யாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா வீடியோக்கள் எடுத்து எடிட் செய்கிறோம். இரண்டு கமராக்களும் 4கே, வினாடிக்கு 25 பிரேம் (தனிப்படம்). மூன்றாவதாக ஒரு போனை முக்காலியில் பூட்டி, மணவறையை ஒன்றரை மணித்தியாலம் நிற்பாட்டாமல் எடுக்கிறோம். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர்களும் தங்கள் போனில் எடுத்ததைத் தருவார்கள். போன் வீடியோ தொடக்கத்தில் சரி. தாலி கட்டும் இடம் வரும்போது தவில்காரரின் கை முதலில் விழுகிறது, சத்தம் பிறகு வருகிறது. மண்டப வெளிச்சத்தில் படத்தின் மேல் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன. 16 ஜிபி ரெம் உள்ள மடிக்கணினியில் டாவின்சி ரிசோல்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு திக்கித் திக்கி ஓடுகிறது. தமிழ்ப் பெயர் போட்டால் எழுத்து உடைகிறது. புது மெஷின் வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: மெஷினுக்கு வைத்த காசை இப்போதைக்குத் தொடாதீர்கள். நீங்கள் எழுதியதில் திக்குவது ஒன்றுக்குத்தான் கணினியோடு தொடர்பு உண்டு, அதற்கும் செலவில்லாத வழி இருக்கிறது. மற்றவை படம் பிடிக்கும் இடத்திலும், பைலை டைம்லைனில் (கிளிப்களை வரிசையாக அடுக்கி வெட்டும் பட்டையில்) போடுவதற்கு முன்பும் தீர வேண்டியவை.

முதலில் சத்தம் பிந்துவது. கமரா 25 என்றால் ஒவ்வொரு வினாடிக்கும் 25 பிரேமைத்தான் எழுதும். போன் அப்படியில்லை. வெளிச்சம் குறைந்தாலோ, போன் சூடானாலோ பிரேம் வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும். திரையில் 30 என்று போட்டிருக்கும், உள்ளே 29.9 இருக்கலாம், 28 இருக்கலாம், நடுவில் 24க்கும் இறங்கலாம். எடிட்டிங் மென்பொருள் அதைச் சீரான 30 என்று நம்பிவிட்டால் என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 நிமிடம், அதாவது 600 வினாடிக்கு, 29.9 வீதம் 17,940 பிரேம். அதை 30 வீதம் ஓட்டினால் 598 வினாடியில் படம் முடிந்துவிடும். ஓடியோ மட்டும் 600 வினாடியும் ஓடும். பத்து நிமிடத்திலேயே படம் இரண்டு வினாடி முந்திவிட்டது. முகூர்த்தம் ஒரு மணித்தியாலம் தள்ளி என்றால் கெட்டிமேளம் எவ்வளவு பிந்தும் என்பது விளங்கும்.

ஆனால் விலகல் எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம் என்று எடுக்கக் கூடாது. தவில் அடி ஒன்று தெளிவாகத் தெரியும் இடத்தை பைலின் தொடக்கத்திலும் நடுவிலும் கடைசியிலும் பாருங்கள். மூன்று இடத்திலும் ஒரே அளவு பிந்தினால் அது வயர்லெஸ் மைக்கின் தாமதம் போன்ற நிலையான பிழை. ஓடியோவை அந்த அளவு தள்ளி வைத்தால் தீர்ந்தது. போகப் போகக் கூடினால், அதுவும் சில இடத்தில் வேகமாக, சில இடத்தில் மெதுவாகக் கூடினால், மேலே சொன்ன சீரற்ற பிரேம் வேகம். நாதஸ்வரத்தின் சுருதியே ஒன்றரை அரைச்சுரம் அளவுக்கு இறங்கிக் கேட்டால், 48 கிலோஹேர்ட்ஸில் பதிந்த ஓடியோ 44.1 என்று வாசிக்கப்படுகிறது. தனி ரெக்கோடரில் பதிந்தது ஒன்றரை மணித்தியாலத்தில் இரண்டு மூன்று பிரேம் மட்டும் விலகினால், இரண்டு கருவிகளின் உள் கடிகாரங்களுக்கு இடையே உள்ள சிறு வித்தியாசம். மேளம் ஓய்ந்திருக்கும் இடத்தில் ஓடியோவை வெட்டி ஒரு பிரேம் நகர்த்திவிட்டால் ஒருவருக்கும் தெரியாது.

உங்களுடையது எது என்பதை மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் சொல்லும். போன் பைலைத் திறந்து 'பிரேம் ரேட் மோட்' என்ற வரியைப் பாருங்கள். 'வேரியபிள்' என்றிருந்தால் அந்த பைலை அப்படியே டைம்லைனில் போடக் கூடாது. வீடியோ பைலை மாற்றி எழுதும் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் திறந்து, வீடியோ பக்கத்தில் பிரேம் ரேட்டை 30 ஆக்கி, கீழே 'கான்ஸ்டன்ட்' என்பதைத் தெரிவுசெய்யுங்கள். என்கோடர் (வீடியோவைச் சுருக்கி எழுதும் முறை) எச்.264, தரம் ஆர்எஃப் 16 முதல் 18 வரை (எண் குறையக் குறைய தரமும் பைல் அளவும் கூடும்), ஓடியோ 48 கிலோஹேர்ட்ஸ். இங்கே மூன்று பொறிகள் உண்டு. 1080 என்று பெயருள்ள பிரீசெட்டை (முன்கூட்டியே அமைத்த தெரிவுத் தொகுப்பை) எடுத்தால் 4கே படம் சத்தமில்லாமல் சுருங்கிவிடும். தானாக ஓரம் வெட்டும் வசதி, இருட்டு மண்டபத்தில் எடுத்த படத்தின் ஓரத்தைக் கறுப்புப் பட்டை என்று நினைத்து வெட்டலாம்; அதை 'நன்' என்று மாற்றுங்கள். ஃபில்டர் பக்கத்தில் இன்டர்லேஸ் (பழைய ரீவி முறையில் வரும் கோடுகள்) நீக்கும் தெரிவு இயங்கிக்கொண்டிருந்தால் நிற்பாட்டுங்கள். மூலப் பைலை, வேலை கைக்குப் போய்ச் சேரும்வரை அழிக்க வேண்டாம்.

உங்கள் டைம்லைன் 25தானே, ஹேண்ட்பிரேக்கிலேயே 25 ஆக்கினால் என்ன என்று தோன்றும். ஆக்கினால் ஆறு பிரேமுக்கு ஒன்று கழிந்துபோகும். ஆள் நடந்தால், கமரா திரும்பினால் படம் தட்டித் தட்டி ஓடும். சீரான 30 ஆகவே வைத்திருங்கள். பேச்சோ மேளமோ தேவைப்படாத ஷொட்களை, மாலை மாற்றுவது, அறுகரிசி போடுவது போன்றவற்றை, வேகம் 83.33 வீதத்துக்கு இறக்குங்கள். 30இல் எடுத்த ஒவ்வொரு பிரேமும் 25இல் ஒன்றுக்கு ஒன்றாக உட்கார்ந்து, மெல்லிய நிதானத்தோடு வழுவழுப்பாக ஓடும். 60இல் எடுத்தது என்றால் 41.67 வீதம். அந்த இடங்களில் அது சமாளிப்பாகத் தெரியாது, வேண்டுமென்றே செய்தது போலவே நன்றாக இருக்கும்.

அடுத்த கல்யாணத்துக்கு இந்த வேலையே பாதியாகக் குறையும், போனை முன்கூட்டியே சரிப்படுத்தினால். ஐபோனில் செட்டிங்ஸ், கமரா, ரெக்கோட் வீடியோ என்று போய் 'ஷோ பால் ஃபோர்மட்ஸ்' என்பதை இயக்கினால் 25 பிரேம் தெரிவு தோன்றும். அதே பக்கத்தில் எச்டிஆர் (வெளிச்ச வேறுபாட்டை அதிகமாகப் பதியும் முறை) வீடியோவையும், பிரேம் வேகத்தைத் தானாக மாற்றும் 'ஓட்டோ எஃப்பிஎஸ்' தெரிவையும் நிற்பாட்டுங்கள். ஐபோன் 12இலிருந்து எச்டிஆர் வாங்கும்போதே இயங்கியபடிதான் வரும். அதை வழமையான டைம்லைனில் போட்டால் கூறையின் சிவப்பு வெளிறும் அல்லது எரியும். அண்ட்ரொய்ட் போன்களில் பிளக்மேஜிக் கமரா என்ற இலவச ஆப் பல மொடல்களில் வேலை செய்கிறது. பிரேம் வேகம், ஷட்டர் (ஒவ்வொரு பிரேமும் வெளிச்சம் வாங்கும் நேரம்), வைற் பலன்ஸ் (நிறச் சமநிலை) மூன்றையும் அதில் பூட்டி வைக்கலாம்.

ஷட்டர் என்றதும் கறுப்புப் பட்டைக்கு வருவோம். நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அதனால் மண்டப விளக்கு வினாடிக்கு 100 தடவை கூடிக் குறைகிறது. ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்றால் ஒவ்வொரு பிரேமும் முழுச் சுற்றுகளாக வெளிச்சத்தை வாங்கும், பட்டை வராது. 1/60 என்றால் ஒரு பிரேமில் ஒன்றேமுக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாக விழும்; பிரேமுக்குப் பிரேம் வெளிச்சம் மாறும். கனடாவின் மின்சாரம் 60 ஹேர்ட்ஸ். அங்கே 1/60 சரியான ஷட்டர். ரொறன்ரோவிலிருந்து வந்த சித்தப்பா அதே பழக்கத்தில் 30 பிரேம், 1/60 என்று வைத்து எடுத்தால் சுண்ணாகத்து மண்டபத்தில் பட்டை ஓடத்தான் செய்யும். லண்டனும் சுவிஸும் 50 ஹேர்ட்ஸ் என்பதால் அங்கிருந்து வருபவர்களின் போனில் 1/50 இருக்க வாய்ப்புண்டு, ஆனாலும் நம்பியிருக்க வேண்டாம். படம் தருகிறேன் என்பவர்களின் போனை மாப்பிள்ளை அழைப்புக்கு முன்பே வாங்கி மாற்றிக் கொடுங்கள். மேடையில் எல்ஈடி திரையோ மங்கவைக்கும் அலங்கார விளக்கோ இருந்தால் இந்தக் கணக்கு முழுமையாகப் பொருந்தாது. அவை தங்களுக்கென்று வேறு வேகத்தில் அணைந்து எரியும். ஷட்டரைச் சிறிது சிறிதாக மாற்றிக் கண்ணால் பார்த்துத்தான் பூட்ட வேண்டும்.

ஏற்கெனவே பட்டையோடு எடுத்துவிட்ட படத்துக்கு ரிசோல்வின் 'டிஃப்ளிக்கர்' (பட்டையும் மினுக்கமும் நீக்கும் கருவி) இலவசப் பதிப்பில் கிடையாது, காசு கொடுத்து வாங்கும் ஸ்டூடியோ பதிப்பில்தான் உண்டு. அதற்கு ஒரு கை வழி இருக்கிறது. 30 பிரேமில், 100 ஹேர்ட்ஸ் விளக்கின் பட்டை மூன்று பிரேமுக்கு ஒருமுறை திரும்ப வரும். ஆகவே 30 பிரேம் டைம்லைன் ஒன்று தனியாகத் தொடங்கி, அதே கிளிப்பை மூன்று தட்டுகளாக ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். அடித் தட்டு அப்படியே இருக்கட்டும். நடுத் தட்டை ஒரு பிரேம் தள்ளி 50 வீத ஒப்பேசிட்டி (கீழ்த் தட்டை மறைக்கும் அளவு), மேல் தட்டை இரண்டு பிரேம் தள்ளி 33 வீதம். மூன்று பிரேமின் சராசரி கிடைப்பதால் பட்டை பெருமளவு கரையும். கை கால் அசையும் இடத்தில் நிழல் விழும் என்பது இதன் விலை. ஐயர் உட்கார்ந்து மந்திரம் சொல்லும் அகன்ற ஷொட்டுக்குப் பொருந்தும், ஆட்டத்துக்குப் பொருந்தாது. அதை எக்ஸ்போர்ட் செய்து பிறகு 25 டைம்லைனுக்குக் கொண்டுவாருங்கள். நேரே 25இல் செய்தால் மூன்று பிரேம் ஒழுங்கு குலைந்து பலன் வராது.

இனி மடிக்கணினி. கமராவும் போனும் எழுதும் எச்.264, எச்.265 பைல்களில் ஒவ்வொரு பிரேமும் முழுப்படமாக இருப்பதில்லை. முன் பின் பிரேம்களோடு ஒப்பிட்டு மாறியதை மட்டும் எழுதியிருக்கும். நீங்கள் டைம்லைனில் ஓரிடத்தைத் தொட்டால், கணினி பல பிரேம்களை விரித்துத்தான் அந்த ஒன்றைக் காட்ட முடியும். மூன்று கோணத்தை ஒன்றாக ஓட்டினால் அது மூன்று மடங்கு. இதற்குத்தான் புரொக்சி, அதாவது வெட்டும்போது மட்டும் பாவிக்கும் சிறிய, இலகுவாக ஓடும் நகல். மீடியா பூலில் கிளிப்களைத் தெரிந்து, வலது கிளிக்கில் 'ஜெனரேட் புரொக்சி மீடியா' கொடுங்கள். அதற்கு முன் புரொஜெக்ட் செட்டிங்ஸில் புரொக்சி அளவு கால்வாசி, வகை டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி என்று வையுங்கள். 4கே படத்தின் கால்வாசி 960க்கு 540. வெட்டி ஒட்டுவதற்கு இது தாராளம். பிறகு பிளேபக் மெனுவில் புரொக்சிக்கு முன்னுரிமை கொடுங்கள். இரவு படுக்கும்போது ஓடவிட்டால் விடிய வேலை தொடங்கலாம், கரண்ட் போனாலும் தாங்கும் யூபிஎஸ் இருந்தால். நிறம் திருத்தும்போது மட்டும் மூலப் பைலுக்கு மாறுங்கள். எக்ஸ்போர்ட் செய்யும் பக்கத்தில் 'யூஸ் புரொக்சி மீடியா' என்பதில் சரி அடையாளம் இருக்கக் கூடாது. இருந்தால் மங்கலான படம் வாடிக்கையாளர் கைக்குப் போய்விடும்.

புரொக்சியும் கஷ் பைல்களும் (மென்பொருள் தற்காலிகமாக எழுதுபவை) எஸ்எஸ்டியில் இருக்கட்டும், மூலப் பைல் சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால் போதும். இடத்தைக் கணக்கிட: வினாடிக்கு 100 மெகாபிட்டில் எழுதும் கமரா மணித்தியாலத்துக்கு 45 ஜிபி பிடிக்கும். நாலு மணித்தியாலக் கல்யாணம், இரண்டு கமரா என்றால் 360 ஜிபி, அதற்கு இரண்டாவது கொப்பி இன்னொரு 360. இரண்டு டிஸ்க்கில் கொப்பி முடிந்து, திறந்தும் பார்க்கும்வரை மெமரி கார்ட்டை அழிக்காதீர்கள். உங்கள் குழுவில் யாரிடமாவது 8 ஜிபி ரெம்தான் இருக்கிறதென்றால் ரிசோல்வோடு மல்லுக்கட்டாமல் கேடிஎன்லைவ் அல்லது ஷொட்கட் பாவிக்கலாம். இரண்டும் முற்றிலும் இலவசம், புரொக்சி உண்டு, சீரற்ற பிரேம் வேகப் பைலைக் கண்டால் மாற்றித் தரட்டுமா என்று கேட்கவும் செய்யும். லினக்ஸ் போடப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அங்கே ரிசோல்வ் இலவசப் பதிப்பு எச்.264 பைல்களையும் ஏஏசி ஓடியோவையும் திறக்காது.

தமிழ் உடைவது கொம்பில்தான் முதலில் தெரியும். 'கொ', 'கோ', 'கௌ' போன்றவற்றின் குறி எழுத்துக்கு முன்னும் பின்னும் வர வேண்டும். யூனிகோடை ஒழுங்காக அடுக்கத் தெரியாத டைட்டில் கருவி கொம்பை இடம் மாற்றிப் போடும். பாமினி எழுத்துரு உடையாததற்குக் காரணம் அது உண்மையில் ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவத்தைப் போர்த்தியது. அதே புரொஜெக்ட்டை பாமினி இல்லாத கணினியில் திறந்தால் மணமகள் பெயர் ஆங்கிலக் குப்பையாக நிற்கும். வசன வரிக்கும் அது உதவாது. யூனிகோடுக்கு மாறிவிடுங்கள். பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருளைப் பாவிப்பவர்கள் பிரிஃபரன்சஸ், கிராஃபிக்ஸ் பகுதியில் டெக்ஸ்ட் எஞ்சினை 'சவுத் ஏசியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்' என்று மாற்றினால் சரியாகும். ரிசோல்வில் 'டெக்ஸ்ட் பிளஸ்' உடைத்தால் சாதாரண 'டெக்ஸ்ட்' டைட்டிலில் போட்டுப் பாருங்கள். அதுவும் உடைத்தால் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் 3840க்கு 2160 அளவில், பின்னணி இல்லாமல், நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது முக்த மலர் எழுத்துருவில் பெயரை எழுதி பிஎன்ஜி ஆக எடுத்து மேல் தட்டில் வையுங்கள். இது ஒருபோதும் உடையாது. பெயரின் எழுத்துக்கூட்டலை அழைப்பிதழைப் பார்த்தே எழுதுங்கள். கேட்டு எழுதினால் ழகரமும் ளகரமும் மாறும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். பென்டிரைவில் கொடுக்கும்போது பழைய ரீவிகளுக்காக ஃபட்32 ஆக ஃபோர்மட் செய்வீர்கள். அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட பைல் ஏறாது. 1080 அளவு, வினாடிக்கு 8 மெகாபிட் என்றால் ஒரு மணித்தியாலம் 3.6 ஜிபி. ஆகவே ஒவ்வொரு பைலும் 65 நிமிடத்துக்குள் நிற்க வேண்டும். வெட்ட நல்ல இடம் கல்யாணத்துக்குள்ளேயே இருக்கிறது: கன்னிகாதானம் முடிந்து பொம்பிளை கூறை மாற்ற உள்ளே போகும் நேரம். முதல் பைல் அங்கே முடியட்டும், இரண்டாவது அவர் கூறையோடு மணவறைக்குத் திரும்பும் காட்சியில் தொடங்கட்டும். முக்காலியில் உள்ள போனையும் அதே இடைவெளியில் நிற்பாட்டி, முன்னால் நின்று ஒருமுறை கை தட்டி, மீண்டும் ஓடவிடுங்கள். சூடும் ஆறும், தாலி கட்டு புது பைலின் தொடக்கத்துக்கு அருகே வந்துவிடும், விலகல் சேர்வதற்கு நேரமே இருக்காது.