கரடி தின்னும் சால்மன் மீன் மழைக்காட்டு மரங்களுக்கு உரமாகிறது என்கிறார்களே, உண்மையா? அதை எப்படி அளந்தார்கள்?

உண்மைதான். ஆனால் "கரடி பாதி தின்று போட்ட மீன் மரத்தடியில் அழுகி உரமாகிறது" என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். பழுப்புக் கரடிகள் வாழும் இடங்களில் அது சிறு பகுதிதான். பெரும்பகுதி போவது கரடியின் சிறுநீர் வழியாக.

நாம் பேசும் காடு, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா கரையோரம் 64 லட்சம் ஹெக்டேரில் பரவியிருக்கும் கிரேட் பேர் மழைக்காடும், அதற்கு வடக்கே அலாஸ்காவில் தொடரும் டோங்கஸ் காடும். குளிரில் இலைதழை மட்க நெடுங்காலம் ஆகும். மட்கியதையும் ஓயாத மழை அரித்துக்கொண்டு போகும். அதனால் இங்கே மரங்களுக்குத் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், எப்போதும் பற்றாக்குறை. சால்மன் ஓடையில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட ஒரே ஒரு முறை ஓடைக்குத் திரும்பிச் செத்துப்போகும். அதன் உடல் எடையில் 95 சதவீதத்துக்கு மேல் கடலில் சேர்த்தது. 2 கிலோ எடையுள்ள இளஞ்சிவப்பு சால்மன் (பிங்க் சால்மன் என்னும் இனம்) ஒன்றில் ஏறக்குறைய 60 கிராம் நைட்ரஜன் இருக்கும்.

கரடி ஏன் மீனைக் காட்டுக்குள் தூக்கிப் போகிறது? ஓடைக்கரையில் நின்று தின்றால் பெரிய ஆண் கரடி வந்து பிடுங்கிக்கொள்ளும். குட்டியோடு இருக்கும் தாய்க்கு இந்த அச்சம் இன்னும் அதிகம். எவ்வளவு தின்னும் என்பது மீன் வரத்தைப் பொறுத்தது. ஓடை நிறைய மீன் இருந்தால் கொழுப்பு மிகுந்த மூளையையும் சினையையும் மட்டும் தின்றுவிட்டு அடுத்ததைப் பிடிக்கப் போய்விடும். முட்டையிட்டு ஓய்ந்த மெலிந்த மீனைத் தொடாமலும் விடும். வரத்து குறைந்தால் கிட்டத்தட்ட முழு மீனும் உள்ளே போகும். ஆகவே "பாதி மீன்" எல்லா ஆண்டுக்கும் எல்லா ஓடைக்கும் பொருந்தும் கணக்கு இல்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஹைடா குவாய் தீவுகளில் ஆய்வாளர் டாம் ரைம்ஷன் கருங்கரடிகளைக் கவனித்தபோது, ஒரு கரடி சுமார் ஆறு வாரத்தில் 700 மீன் வரை பிடித்தது. அவற்றின் சதையில் ஏறத்தாழ பாதி மிஞ்சியது. மிச்சத்தில் ஈ முட்டையிட்டு, சில நாளில் புழு மொய்த்துவிடும். காக்கை, கழுகு, கீரி போன்ற மார்ட்டன் எல்லாம் பங்குக்கு வரும்.

இப்போது சிறுநீர்க் கணக்கு. அலாஸ்காவின் கீனாய் தீபகற்பத்தில் பழுப்புக் கரடிகளை ஆராய்ந்து கிராண்ட் ஹில்டர்பிராண்ட் குழு 1999இல் வெளியிட்ட முடிவு: வளர்ந்த பெண் கரடி ஒன்று ஆண்டுக்குச் சுமார் 37 கிலோ சால்மன் நைட்ரஜனைக் காட்டில் பரப்புகிறது. அதில் 96 சதவீதம் சிறுநீர், 3 சதவீதம் சாணம், மீதி விட்டுப்போன மீன். 37 கிலோ என்பது ஏறக்குறைய 80 கிலோ யூரியாவில் உள்ள தழைச்சத்து. காரணம் எளிது. குளிர்கால உறக்கத்துக்காக வளர்ந்த கரடி உடலில் சேர்த்துவைப்பது கொழுப்பைத்தான். மிகுதியான புரதத்தைச் சேமிக்க முடியாது, அது யூரியாவாக வெளியேறிவிடும். ஹைடா குவாயில் மிச்சம் அவ்வளவு இருந்ததால், இந்த விகிதத்தை அப்படியே அங்கே பொருத்தக் கூடாது.

அளப்பது நைட்ரஜன்-15 கொண்டு. காற்றில் உள்ள நைட்ரஜனில் 0.37 சதவீதம் இந்தக் கனமான வகை. கடல் உணவுச் சங்கிலியில் மேலே போகப் போக இதன் விகிதம் கூடும், அதனால் சால்மனில் அதிகம். மீன் ஏற முடியாத அருவி உள்ள ஓடையைத் தேர்ந்தெடுத்து, அருவிக்கு மேலும் கீழும் ஒரே இன மரங்களின் இலையை, கரையிலிருந்து ஒரே தொலைவில் எடுத்து ஒப்பிடுவார்கள்.

தவறு நேர்வது இங்கேதான். ஆல்டர் மரம் காற்றிலிருந்தே நைட்ரஜனை எடுத்து மண்ணில் சேர்ப்பதால் சால்மனின் தடயம் மங்கிவிடும். மறுபுறம், நீர் தேங்கும் மண்ணில் நுண்ணுயிர்கள் இலேசான நைட்ரஜனை முதலில் வாயுவாக்கிவிடுவதால், மீனே வராத இடத்திலும் நைட்ரஜன்-15 கூடிக் காட்டும். அருவிக்கு மேலே சரிவு செங்குத்து, கீழே சமதளம் என்றால் ஒப்பீடே பழுது. இந்தச் சிக்கலைத் தாண்டிய சோதனை ஒன்று உண்டு. மழைக்காட்டுக்கு வெளியே, அலாஸ்காவின் ஹேன்சன் ஓடையில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் 20 ஆண்டுகள் செத்த சாக்ஐ சால்மனை எல்லாம் எண்ணி ஒரே கரையில் வீசினார்கள். மொத்தம் சுமார் 2,17,000 மீன், ஏறக்குறைய 268 டன். அந்தக் கரையில் வெள்ளை ஸ்ப்ரூஸ் மரங்களின் வளர்ச்சி கூடியது. இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

உரம் கூடினால் காட்டுக்கு எல்லாம் நல்லது என்றும் எண்ண வேண்டாம். கிரேட் பேர் மழைக்காட்டில் 50 ஓடைகளை ஒப்பிட்டு 2011இல் வந்த ஆய்வில், சால்மன் மிகுந்த கரைகளில் சால்மன்பெர்ரி போன்ற சத்து விரும்பிகள் அடர்ந்து மண்டி, செடி வகைகளின் எண்ணிக்கை குறைந்திருந்தது.

கரடியும் மீனுக்காக எப்போதும் காத்திருப்பதில்லை. அலாஸ்காவின் கோடியாக் தீவில் 2014இன் வெப்பமான கோடையில் செவ்வெல்டர் பழம் முன்னதாகவே பழுத்து சால்மன் வரும் நாட்களோடு மோதியது. கரடிகள் ஓடையை விட்டுப் பழத்துக்குப் போய்விட்டன. அவை போனால் மீனைக் காட்டுக்குள் கொண்டுசேர்க்க அந்த அளவுக்கு வேறு ஆள் இல்லை.

ஆகவே ஒரு ஆற்றில் "இத்தனை மீன் வந்தது" என்று யாராவது சொன்னால், எந்த இனங்கள், எந்த மாதங்களில் என்றும் கேளுங்கள். இளஞ்சிவப்பு மட்டும் வரும் ஓடையில் விருந்து சில வாரத்தில் முடிந்துவிடும். அதன் பின்னால் சம், கோஹோ என்று வேறு சால்மன் இனங்களும் அடுத்தடுத்து வரும் ஓடையில் மீன் குறைவாக இருந்தாலும் கரடி இலையுதிர்காலம் நெடுக அங்கேயே இருக்கும்.